நீரரமகளிரும் நம் வீட்டுக் குழாயும்

எஸ்பிளனேட் பூங்காவில் பழைய நீரூற்று ஒன்று நிற்கிறது. மாலை நேரத்தில் அந்தப் பக்கம் நடந்து போகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் நடுவே நான்கு பெண் உருவங்கள். அவர்கள் யார் என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரிவதில்லை. ஏதோ ஆங்கிலேயர் காலத்து அலங்காரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த நால்வரும் கிரேக்கப் புராணத்தில் வரும் கலைத்தெய்வங்கள். கலியோப்பி காவியத்துக்கு உரியவள், கிளியோ வரலாற்றுக்கு, எராட்டோ காதல் பாட்டுக்கு, மெல்பொமினி துன்பியல் நாடகத்துக்கு. சரி, கலைத்தெய்வங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியில் என்ன வேலை? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் கிரேக்க நாட்டு மலை ஊற்று, தமிழ்நாட்டு ஆற்றங்கரை, நம் டேங்க் ரோடு முருகன் கோயில் ஆகிய மூன்று இடங்களுக்கும் போய் வர வேண்டியிருக்கிறது.

மணப்பெண் என்று ஒரு பெயர்

பண்டைய கிரேக்கர்கள் ஒவ்வொரு நன்னீர் ஊற்றிலும் ஓர் இளம்பெண் தெய்வம் குடியிருப்பதாக நம்பினார்கள். அந்தத் தெய்வங்களுக்கு நயாடுகள் என்று பெயர். ஓடுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஊற்றுக்கு ஒருத்தி, ஆற்றுக்கு ஒருத்தி, ஏரிக்கு ஒருத்தி, சதுப்பு நிலத்துக்குக் கூட ஒருத்தி என்று தனித்தனியே பெயர் வைத்திருந்தார்கள். கடல்நீர் இவர்களுடைய எல்லைக்குள் வராது. அதற்கு வேறு தெய்வங்கள் இருந்தன. நயாடுகள் குடிநீருக்கு உரியவர்கள்.

இவர்களை உள்ளடக்கிய பொதுப்பெயர் நிம்ஃப் என்பது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு மணப்பெண் என்றும் பொருள் உண்டு. ஏதென்ஸ் நகரில் கல்லிரோயி என்ற ஊற்றின் நீரை எடுத்துவந்துதான் மணமக்கள் நீராடினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பிய ஒடிசியஸ், தன் மண்ணில் கால் வைத்ததும் அங்குள்ள குகையின் நயாடுகளைத்தான் முதலில் கைகூப்பி வணங்கினான் என்கிறது ஹோமரின் காவியம்.

ஆனால் இந்தத் தெய்வங்களிடம் அன்பு இருந்த அளவுக்கு அச்சமும் இருந்தது. மாவீரன் ஹெராக்கிளிஸுடன் கப்பலில் சென்ற ஹைலஸ் என்ற இளைஞன் குடத்துடன் தண்ணீர் எடுக்கப் போனான். அவன் அழகில் மயங்கிய நயாடுகள் கையைப் பிடித்து ஊற்றுக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஹெராக்கிளிஸ் காடெல்லாம் தேடினான். கப்பல் அவனை விட்டுவிட்டே போய்விட்டது.

உச்சிவேளையில் தனியாகக் குளத்தங்கரைக்குப் போகாதே என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதே எச்சரிக்கைதான். சங்க இலக்கியத்தில் மலைச்சுனைகளில் 'சூர்' என்ற அணங்கு உறைவதாகச் சொல்லப்படுகிறது. நீரில் வாழும் தெய்வப்பெண்களுக்குத் தமிழில் நீரரமகளிர் என்று அழகான பெயரே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஏழு கற்களை நட்டு ஏழு கன்னிமார் என்று வழிபடுவதை இன்றும் பார்க்கலாம். ஆடிப் பதினெட்டன்று காவிரியைச் சூல்கொண்ட பெண்ணாகவே எண்ணிச் சித்திரான்னம் படைப்பார்கள். காதோலை கருகமணியை நீரில் விடுவார்கள். இரு நாட்டாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. குடம் எடுத்துத் தண்ணீருக்குப் போகிற பெண்கள் இருக்கும் எந்த ஊரிலும் இப்படி ஒரு நம்பிக்கை முளைக்கும்.

கடலுக்கு அடியில் வந்த ஊற்று

நயாடுகளின் கதைகளில் புலம்பெயர்ந்தோர் மனத்தைத் தொடும் கதை ஒன்று உண்டு. அரிதூசா என்ற நயாடை அல்ஃபியஸ் என்ற ஆற்றுத் தெய்வம் விரட்டியது. அவள் நீராக மாறி, கடலுக்கு அடியில் ஓடி, சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் ஊற்றாக வெளிவந்தாள். அல்ஃபியஸும் பின்தொடர்ந்து வந்து அங்கே அவளுடன் கலந்தான். அந்த ஊற்று இன்றும் இருக்கிறது.

சிரக்கூஸ் யார் அமைத்த நகரம்? கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அமைத்த நகரம். கடல் கடந்து வந்தவர்களுக்கு ஊர் ஆறு தங்களைத் தேடி அடியாழத்தில் ஓடி வந்ததாக நினைக்க வேண்டியிருந்தது. அவர்கள் தங்கள் வெள்ளிக்காசில் அரிதூசாவின் முகத்தைப் பொறித்தார்கள். புதிய மண்ணில் கோயில் எழுப்பி, குடமுழுக்குக்குக் கங்கை நீரும் காவிரி நீரும் வரவழைக்கும் நம்மவர்களுக்கு இந்த உணர்வை விளக்க வேண்டியதில்லை.

குன்றின் அடியில் ஒரு குளம்

சிங்கப்பூரின் கதையும் ஒரு நன்னீர் ஊற்றின் அருகில்தான் தொடங்குகிறது. இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் குன்றுக்கு மலாய் மக்கள் வைத்த பெயர் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று. அதன் சரிவில் பஞ்சூர் லாராங்கான் என்ற ஊற்று இருந்தது. பழங்கால அரசர்களின் மகளிர் நீராடிய இடம் என்பதால் மற்றவர்கள் அங்கே போகக்கூடாது. செஜாரா மலாயு நூலிலும் நீர்ப்பெண் ஒருத்தி வருகிறாள். பாலெம்பாங் ஆற்றில் மிதந்து வந்த பெரும் நுரைக்குள் பேரழகியாக ஒரு பெண் இருந்தாள் என்றும், சிங்கப்பூரை நிறுவிய மன்னரின் வளர்ப்பு மகளானாள் என்றும் அந்த நூல் சொல்கிறது.

1819க்குப் பிறகு அந்தக் குன்றின் நீர் கப்பல்களுக்குப் போனது. சுற்றிலும் கிணறுகள் தோண்டப்பட்டன. ஊற்று வற்றிப்போனது. அதன் நினைவாக ஓர் அமைப்பை இன்று ஃபோர்ட் கேனிங் பூங்காவில் காணலாம்.

அதே குன்றின் அடிவாரத்தில்தான் நம் கதை. 1859ல் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டுவதற்கு முன்பே அங்கே ஓர் அரசமரத்தடியில் வேல் நட்டு மக்கள் வழிபட்டார்கள் என்கிறது கோயில் வரலாறு. அரசமரம் ஒரு குளக்கரையில் நின்றது. மலை ஊற்றிலிருந்து அந்தக் குளத்துக்கு நீர் வந்தது. பக்தர்கள் அதில் நீராடிவிட்டு வேலை வணங்கினார்கள். டேங்க் ரோடு என்ற பெயரில் உள்ள டேங்க் அந்தக் குளம்தான். பிறகு ரயில் பாதை வந்தது. குளம் மூடப்பட்டது, மரமும் போனது. 1903ல் டேங்க் ரோட்டிலிருந்து கிராஞ்சிக்கு ரயில் ஓடியது. அந்த நிலையமும் 1932ல் மூடப்பட்டது.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் ஏந்தி ஆயிரக்கணக்கானோர் டேங்க் ரோட்டுக்கு நடந்து போகிறார்கள். அவர்கள் போய்ச் சேருவது ஒரு காலத்தில் ஊற்றுநீர்க் குளம் இருந்த கரைக்கு.

ஊற்று வற்றினால் அதன் நயாடும் மடிந்துவிடுவாள் என்பது கிரேக்கர் நம்பிக்கை. அந்தக் கணக்கில் பார்த்தால் சிங்கப்பூரில் எத்தனை நயாடுகள் மறைந்திருப்பார்கள்! இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்ததால் டோபி காட் என்று பெயர் பெற்ற இடத்தில் ஓடிய பிராஸ் பாசா ஓடை, ஸ்டாம்ஃபர்டு கால்வாயாகிச் சாலைக்கு அடியில் போய்விட்டது. லிட்டில் இந்தியாவில் தண்ணீரும் புல்லும் கிடைத்ததால்தான் மாட்டு வணிகம் செழித்தது. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். எருமை புரண்ட சேற்று நிலம்தான் பிறகு தேக்கா சந்தையும் கடைத்தெருவுமானது.

அவர் பார்க்காத தண்ணீர்

இப்போது எஸ்பிளனேட் பூங்காவுக்குத் திரும்புவோம். அங்கே நிற்பது டான் கிம் செங் நீரூற்று. மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் பெருவணிகரானவர் டான் கிம் செங். அவருடைய காலத்தில் நகர மக்கள் கிணற்று நீரையும் மாட்டுவண்டியில் வந்த நீரையும் நம்பி வாழ்ந்தார்கள். கிரேத்தா ஆயர் என்ற மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்பதே பொருள். மக்கள்தொகை கூடக் கூடக் கிணறுகள் அசுத்தமாயின. அசுத்த நீரோடு நோயும் வந்தது.

1857ல் டான் கிம் செங் நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளியை அரசாங்கத்திடம் கொடுத்தார். அன்று அது பெருந்தொகை. ஆனால் திட்டம் இழுபட்டது. பணம் உருப்படியான பலனைத் தரவில்லை. 1864ல் அவர் காலமானார். இன்று மெக்ரிட்சி என்று நாம் அழைக்கும் நீர்த்தேக்கம் தாம்சன் ரோட்டில் 1860களின் இறுதியில்தான் கட்டி முடிந்தது. அங்கிருந்து குழாய் வழியாக நகருக்குத் தண்ணீர் வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. கொடுத்தவர் அந்தத் தண்ணீரில் ஒரு குவளை கூடக் குடிக்கவில்லை.

1882ல் நகராட்சி ஆணையர்கள் அவர் நினைவாக இந்த நீரூற்றை ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் நிறுவினார்கள். இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்பு நீரூற்று. 1905ல் பேட்டரி ரோட்டுக்கும் 1925ல் எஸ்பிளனேடுக்கும் இடம் மாறியது. 2010ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கலைத்தெய்வங்களுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கும் விடை இதோ. கலைத்தெய்வங்கள் வாழ்ந்த இடங்களாகக் கிரேக்கர்கள் மலை ஊற்றுகளைத்தான் சொன்னார்கள். அந்த நீரைக் குடித்தவனுக்குக் கவிதை வரும் என்ற நம்பிக்கை பரவியது. ரோமானியர்களோ தங்கள் ஊற்றுத் தெய்வங்களையும் இந்தக் கலைத்தெய்வங்களையும் ஒன்றாகவே கருதினார்கள். நீர்ப்பெண்களும் கலைப்பெண்களும் உறவுக்காரர்கள். அதிலும் வரலாற்றுத் தெய்வமான கிளியோ அங்கே நிற்பது மிகவும் பொருத்தம். காலம் தாழ்ந்த ஒரு நன்றிக்கு அவள் சாட்சி.

குடத்துக்குள் குப்பை போடுவோமா?

ஆறும் ஊற்றும் போதாத தீவு இது. 1963ல் இங்கே தண்ணீர்ப் பங்கீடு நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1962ல் ஜோகூருடன் செய்துகொண்ட தண்ணீர் ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. 1977ல் தொடங்கிய சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலத் துப்புரவுப் பணி முடியப் பத்தாண்டு ஆனது. 2003ல் புதுநீரும் 2005ல் கடல்நீர்ச் சுத்திகரிப்பும் வந்தன. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அதன்பின் கடல்நீர் ஏறி இறங்கிய சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் ரோச்சோர் கால்வாயும் நன்னீர்த் தேக்கத்தின் பகுதிகளாயின.

இதன் பொருள் எளிமையானது. லிட்டில் இந்தியாவில் பெய்யும் மழை சாக்கடை வழியாக ரோச்சோர் கால்வாய்க்குப் போகிறது, அங்கிருந்து மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வருகிறது. தேக்காவில் ஒருவர் வாய்க்காலில் வீசும் காப்பிப் பொட்டலம் அவர் வீட்டுக் குடத்துக்குள் வீசியதற்குச் சமம்.

கிரேக்கரும் நம் முன்னோரும் தண்ணீரைப் பெண்ணாக, தெய்வமாக நினைத்தார்கள். அதை மூடநம்பிக்கை என்று சிரிப்பது சுலபம். ஆனால் தெய்வம் குடியிருக்கும் இடத்தில் எவரும் எச்சில் துப்பவில்லை. இன்று அந்த அச்சத்தின் இடத்தில் அபராதம் இருக்கிறது. அபராதம் பிடிபட்டவனைத்தான் திருத்தும். நீரரமகளிர் யாரும் பார்க்காதபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை பிள்ளைகளை எஸ்பிளனேட் பூங்காவுக்கு அழைத்துப் போகும் பெற்றோர் அந்த நீரூற்றின் முன் ஐந்து நிமிடம் நிற்கலாம். நான்கு பெண்களின் பெயரையும் சொல்லலாம். 13,000 வெள்ளி கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் போன மனிதரின் பெயரையும் சொல்லலாம். வீடு திரும்பிக் குழாயைத் திறக்கும்போது பிள்ளைக்கு அது நினைவில் இருந்தால் போதும்.