மணமிழப்பும் மூளைப் படங்களும்

ஐம்புலன்களுள் மணப்புலன் மேனாட்டு மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் கடைநிலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் பவுல் புரோக்கா 1879இல் மனிதனை மோப்ப வல்லமை குன்றிய விலங்குகளின் வரிசையிற் சேர்த்தார். மாந்தரின் மோப்பத் திறனைச் சோதித்து அவர் இம்முடிபுக்கு வந்தாரல்லர். முன்மூளையோடு ஒப்பிடுகையில் மோப்பக் குமிழ் சிறிதாயிருத்தலே அவருக்குப் போதிய சான்றாயிற்று. அளவைக் கண்டு ஆற்றலை மதிப்பிட்ட இக்கூற்று நூல்களில் வேரூன்றியது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் மக்கான் இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுக்கதையென விரிவாக மறுத்துரைத்தது 2017இலேயே.

தடிமன் பிடித்தவர்க்கு மணம் தெரியாமற் போதல் யாவரும் அறிந்ததே. வைரசுத் தொற்று நீங்கிய பின்னரும் அக்குறை சிலரிடம் நீடிப்பதை மருத்துவரும் அறிந்திருந்தனர். ஆயினும் 2020 மார்ச்சில் பிரித்தானியக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் மணமிழப்பைக் கொவிட்-19 நோயின் அறிகுறியெனச் சுட்டிக்காட்டியபோது, அந்நாட்டு அரசின் பட்டியலில் காய்ச்சலும் தொடர் இருமலுமே இருந்தன. மே 18ஆந் திகதியே மணமிழப்பும் அதிற் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட இரு மாதங்களில், மணத்தை மட்டும் இழந்தோர் தனித்திருக்க வேண்டியவராகக் கணிக்கப்படவில்லை. இதற்குப் புரோக்காவைக் குற்றஞ் சாட்டுதல் மிகையே; எனினும், இழந்தாற் பெரிதில்லை எனக் கருதப்பட்ட புலன் பற்றிய முறைப்பாடு செவியேறத் தாமதித்தது வியப்பன்று.

வைரசு எங்ஙனம் மணத்தைப் பறிக்கின்றது? வைரசு பற்றிக்கொள்ளும் ஏசிஈ2 புரதம் மோப்ப நரம்புக் கலங்களிலன்றி, அவற்றைத் தாங்கிநிற்கும் கலங்களிலேயே உண்டாகின்றது என ஹார்வார்ட் ஆய்வாளர் 2020இற் காட்டினர். ஆயின், கேடு மூக்கோடு நின்றதா, மூளையையும் எட்டியதா என்ற வினா எஞ்சியது.

நோயின் பின் எடுத்த படம் மட்டும் இதற்கு விடை தராது; நோய்க்கு முந்திய நிலையும் தெரிதல் வேண்டும். வரலாற்று மாணவன் நன்கறிந்த இடர்ப்பாடு இது. நற்பேறாக, பிரித்தானிய உயிர்வங்கி என்னும் ஆய்வுத் திட்டம் 2014 முதலே, வேறு நோக்கங்களுக்காக, ஆயிரக்கணக்கானோரின் மூளைகளைக் காந்தப் பரிவு முறையாற் படம்பிடித்து வைத்திருந்தது. அவர்களுள் 785 பேர் மீண்டும் படமெடுக்கப்பட்டனர். இரு படங்களுக்குமிடையே 401 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது; 384 பேருக்கு ஏற்படவில்லை. தொற்றுற்றோரின் மூளையில் மோப்பத்தோடு தொடர்புடைய பகுதிகள் மற்றையோரினும் சற்றே கூடுதலாக மெலிந்திருந்தன என ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் 2022 மார்ச்சில் வெளியிட்டனர். வேறுபாடு 0.2 முதல் 2 வீதமே. மருத்துவமனையில் தங்கிய 15 பேரை விலக்கிய பின்னரும் அது மறையவில்லை.

இம்மெலிவு வைரசின் நேரடி விளைவோ, மணவுணர்வு வாராதொழிந்தமையின் விளைவோ என்பதை அப்படங்களால் அறுதியிட இயலவில்லை. 401 பேருள் மணத்தை இழந்தோர் எவர், எவ்வளவு இழந்தனர் என்பது அளந்து பதியப்படவில்லை.