தொண்டைமான் கேட்ட புகழுரை

நண்பகலில் துயிலெழும் கொழுந்தனை நோக்கி, "அடடா, அதற்குள் எழுந்துவிட்டீர்களா?" என்கிறாள் அண்ணி. சொல்லில் வியப்பு; பொருளில் இடிப்பு. இத்தகைய பேச்சு நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வதே. புகழ்வதுபோலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி என்பர். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக வகுக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்துரைப்பது பின்னது.

இதற்குத் தலைசிறந்த சான்று நாம் வாழும் நிலத்தோடு தொடர்புடையது. திருப்பதியின் வேங்கடமலை பழந்தமிழகத்தின் வட எல்லை. சித்தூர்ப் பகுதி பழைய தொண்டை நாட்டைச் சார்ந்தது. அந்நாட்டு மன்னன் தொண்டைமானிடம், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாரைத் தூது விடுத்தான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் காட்டினான். அப்போது ஔவையார் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு.

உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் உள்ளன. எம் அரசன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. கேட்பதற்குத் தொண்டைமானின் படைக்குப் புகழ். உணர்வார்க்கோ, போர் காணாத படை என்னும் எச்சரிக்கை. அவையில் மன்னனை எவரும் இழித்துரைக்கவில்லை. உண்மையை அவனே கண்டுகொள்ள வழிவிட்டார் புலவர்.

இதன் நுட்பம் யாது? சொல்லும் கண்முன் உள்ள நிலையும் முரண்படுவதைக் கேட்போர் அறிதல் வேண்டும். இருவர்க்கும் பொதுவான அறிவும் மொழிப் பழக்கமும் இல்லையேல், ஏளனம் பொய்யாகத் தோன்றும்; அன்றேல் வசையாகப் புண்படுத்தும். ஔவையார் அதனை வலியவன் முன் போரைத் தவிர்க்கக் கையாண்டார். எளியவரையும் விடை கூற இயலாத சிறுவரையும் நோக்கி அதனை எறிதல் அறமன்று.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. நம் குழந்தைகள் தெலுங்கு கற்று வளர்கின்றனர், அது வரவேற்கத்தக்கதே. தெலுங்கிலும் வியாஜஸ்துதி என்னும் அணி உண்டு. ஆதலின் இச்சுவை அவர்கட்குப் புதிதன்று. ஆயின் பாட்டியின் குறும்புரையை நேர்ப்பொருளாகக் கொண்டு பேரன் மகிழ்ந்தோ வருந்தியோ நின்றால், அவனுக்குச் சொல் கிட்டியது, மொழி கிட்டவில்லை என்றே பொருள்.

ஆகவே, தமிழை எழுத்தோடு நிறுத்தாமல் உணவு வேளையிலும் திண்ணையிலும் குழந்தைகளோடு பேசுவோமாக. குறிப்பறிந்து சிரிக்கும் குழந்தையிடத்தில் தமிழ் வாழும்.