தொடங்க மறுக்கும் கணனி: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதியோர் அதன் வேகத்தையும் நினைவகப் பெருக்கத்தையுமே பெரும்பாலும் அளவுகோலாகக் கொண்டனர். ஆளியை அழுத்திய பின்னும் இயந்திரம் வேலைக்கு வாராது நின்றுவிடும் நிலை அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. எனினும், இயந்திரத்தைப் பற்றிய அறிவு எவரிடம் இருந்தது, பின்னர் எவரிடம் சென்றது என்பதை ஆராய முற்படுவோர்க்கு அந்நிலையே தக்க சான்றாக அமைகின்றது.

சிக்கலின் மூலம் எளியது. கணனி எவ்வேலையையும் நிரலொன்றின் கட்டளைப்படியே செய்யும். நினைவகத்தில் நிரலை ஏற்றுவதும் ஒரு வேலையே. ஆகவே நிரலை ஏற்றுவதற்கு முன்னரே அங்கு ஒரு நிரல் இருத்தல் வேண்டும். ஒருவன் தன் சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னை மேலே தூக்குவதற்கு ஒப்பான இச்செயலை ஆங்கிலத்தில் ‘பூட்ஸ்ட்ராப்’ என்றனர். இன்று வழங்கும் ‘பூட்’ என்னும் சொல் அதன் குறுக்கமே.

1949 மே 6 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக நிரலொன்றை இயக்கிய எட்சாக் கணனிக்கு, அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் ஒரு வழி கண்டார். தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட சுழல் ஆளிகளில் 31 கட்டளைகள் கம்பி இணைப்பாகவே நிலைநிறுத்தப்பட்டன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்துட் சென்று, துளையிட்ட காகித நாடாவிலிருந்து ஏனைய கட்டளைகளை வாசித்தன.

கால் நூற்றாண்டின் பின், 1975 இல், ஆர்வலர்களுக்கென விற்பனைக்கு வந்த அல்ரெயர் 8800 கணனியில் இவ்வசதிதானும் இருக்கவில்லை. அதன் முகப்பில் இருந்தவை ஆளி வரிசையும் சிறு விளக்குகளுமே. பேசிக் மொழியை நாடாவிலிருந்து ஏற்ற விரும்பியவர், ஏற்றி நிரலின் ஒவ்வொரு பைட்டையும் எட்டு ஆளிகளை மேலுங் கீழுமாக அமைத்துக் கையாற் புகுத்தல் வேண்டும். (அந்நிரலைப் போல் அலன், அல்புகேர்க்கி நகருக்குச் செல்லும் விமானத்திலிருந்தே எழுதினார் என்பர்.) ஓர் ஆளி பிழைத்தாலும் கணனி தொடங்காது, மின்சாரம் நின்றால் அத்தனையும் மீண்டும் செய்தல் வேண்டும். துன்பமான முறைதான். ஆயினும் பிழையைத் தேட வேண்டியவர் அதனைப் புகுத்திய அதே மனிதராக இருந்தார்.

1981 ஓகஸ்ட் 12 இல் அறிமுகமான ஐ.பி.எம். தனியாள் கணனியில் ஆளி வரிசைக்கு இடமில்லை. தாய்ப்பலகையிலிருந்த ‘பயோஸ்’ என்னும் அழியா நினைவகம் அப்பணியை ஏற்றது. மின்சாரம் வந்ததும் இன்ரெல் 8088 செயலி இதனையே முதலில் நாடும். அங்குள்ள நிரல் நினைவகம், விசைப்பலகை, திரை என்பவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். திரையே இயங்காவிடிற் குறையை எதிற் காட்டுவது? அதற்கே ஒலிக்குறிகள் வகுக்கப்பட்டன. ஒரு குறுகிய ஒலி நலத்தைக் குறித்தது. ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் திரைக்குரிய மின்சுற்று அட்டையிற் பழுது என்றன. திரை இயங்குமாயின், 201 என்ற எண் நினைவகத்தையும் 301 விசைப்பலகையையும் சுட்டின. ஒலியே எழாவிடின் மின்வழங்கியிலிருந்து தேடலைத் தொடங்குதல் வேண்டும். சோதனை முடிந்த பின்னரே வட்டின் முதற் பகுதியிலுள்ள 512 பைட்டுகள் வாசிக்கப்பட்டு, ஆட்சி அவற்றிடம் ஒப்படைக்கப்படும். எப்படியில் நின்றது என்பதை அறிந்தவன் பழுதின் பாதியை அறிந்தவனாவான். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் முறையும் இதற்கு வெகுதூரமன்று.

மேலும், ஐ.பி.எம். தன் தொழில்நுட்பக் கைநூலில் பயோஸ் நிரலின் வரிகளை அச்சிட்டு விற்றமை ஈண்டு நோக்கத்தக்கது. வாசிக்கலாம், ஆனால் பதிப்புரிமை காரணமாகப் பின்பற்றி எழுதலாகாது. எனவே போட்டி நிறுவனங்கள், நிரலை வாசித்தோர் ஒரு குழுவாகவும் அதனைக் கண்ணாலும் காணாதோர் மற்றொரு குழுவாகவும் பிரிந்து புதிய பயோஸ் எழுதும் வழியை நாடின. இவ்வகையில் 1984 இல் பீனிக்ஸ் நிறுவனத்தின் பயோஸ் வெளிவந்தபின் மலிவான கணனிகள் பெருகின. அத்துடன் ஒலிக்குறிகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாயிற்று. ஓரிடத்திற் கற்ற குறி மற்றோரிடத்திற் பயன்படாமற் போன இவ்விழப்பு, பின்வந்த வைரசுகள் விளைத்த கேட்டினும் சிறியதன்று.

வைரசுகளும் தொடக்கத்தையே குறிவைத்தன. 1986 இல் லாகூரில் இரு சகோதரர் எழுதிய ‘பிரெயின்’ நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியிற் குடியேறியது. அதனினும் கொடியது, தாய்வான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதி, 1999 ஏப்ரல் 26 இல் பல நாடுகளிற் கேடு விளைத்த சி.ஐ.எச். அக்காலத்துக்குள் பயோஸ், மென்பொருளாலேயே மாற்றி எழுதக்கூடிய சில்லுகளுக்கு மாறியிருந்தது. புதுப்பித்தலுக்கெனத் திறந்த வாயில் அழிவுக்கும் வழியாயிற்று. பயோஸ் அழிக்கப்பட்ட கணனியில் ஒலியும் இல்லை, எண்ணும் இல்லை. நோயைக் கூறவேண்டிய நிரலே மாண்டிருந்தது. சில்லைக் கழற்றி மீள எழுதுதல், அன்றித் தாய்ப்பலகையையே மாற்றுதல் என்பனவே மருந்தாயின.

பயோசின் இடத்தை யு.ஈ.எப்.ஐ. பிடித்தது, 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 உடன், கையொப்பமிடப்படாத தொடக்க நிரலை ஏற்க மறுக்கும் காவலும் பரவியது. அக்காவல் 2024 ஜூலை 19 இல் உதவவில்லை. அன்று வந்த கேடு பகைவரிடமிருந்து வரவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதுற்ற கோப்பொன்று, மைக்ரோசொப்ட் கணக்கிட்டவாறு 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளைப் பாதித்தது. அவற்றுட் பல தொடங்கித் தொடங்கி நீலத்திரையுடன் விழுந்தன. நிமிர்ந்து நில்லாத கணனிக்குத் தொலைவிலிருந்து திருத்தம் அனுப்புவதும் அரிதாயிற்று. விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் ஊழியர் கணனி கணனியாகச் சென்று, பாதுகாப்பு முறையில் அதனைத் தொடக்கி, அக்கோப்பினைத் தேடி அழித்தனர். வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்த இடங்களில், அதற்கு முன்னர் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறியீட்டை ஒவ்வோர் எண்ணாகக் கையாற் புகுத்த வேண்டியிருந்தது.