வில்லைத் தொட்டா மட்டும் நடுங்குற கை: 'டார்கெட் பேனிக்' வரலாறு (த்ரெட்)

1) போன வருஷம் ஒரு நாள் ஓ.பி.யில கூட்டம். வெள்ளிமலை தாண்டி, கல்வராயன் மலையில இருந்து ஒரு அப்பா தன் பதினாறு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தார். "சார், இவனுக்கு யாரோ ஏதோ வச்சுட்டாங்க. வில்லு பிடிச்சா மட்டும் கை வெட்டி இழுக்குது."

2) பையன் ஒரு விளையாட்டு விடுதியில வில்வித்தை கத்துக்கிறான். ஆறு மாசமா ஒரே தொல்லை. குறி மஞ்சள் வட்டத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே விரல் நாணை விட்டுடுது. அங்க வச்ச பேரு 'பயந்தாங்கொள்ளி'. அடுத்த தேர்வுல தேறலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்தா அப்பாவோட கேரளாவுக்குக் கூலி வேலை.

3) எழுதச் சொன்னேன். முத்து முத்தான கையெழுத்து. டம்ளர் நிறைய தண்ணி கொடுத்தேன், ஒரு சொட்டு சிந்தல. தைராய்டு நார்மல். கடைசியா கேட்டேன்: "இலக்கு இல்லாம சும்மா வில்லை இழுத்தா?" "அப்ப ஒண்ணும் ஆகாது சார்."

அந்தப் பதில்லதான் நோயே இருக்கு. ஒரே ஒரு வேலையில மட்டும் கை சொன்னபடி கேக்காது. இதுக்குப் பேரு டார்கெட் பேனிக்.

4) இது புதுசு இல்லைங்க. ஜப்பானோட 'கியூடோ' வில்வித்தையில இதுக்குத் தனித்தனிப் பேரே இருக்கு. நேரம் வர்றதுக்கு முன்னாடியே விட்டுட்டா 'ஹயாகே'. நேரம் வந்தும் விட முடியலைன்னா 'மொதாரே'. விடுற மாதிரி கை திடுக்குனு வெட்டினா 'பிகு'. பேரு வச்சுட்டா அது பயிற்சியில திருத்துற விஷயம். பேரு இல்லைன்னா? பையனோட குணக்கேடுன்னு ஆயிடும்.

5) மருத்துவமும் ரொம்ப நாள் அந்தத் தப்பைத்தான் செஞ்சது. 1713-லயே இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, நாள் முழுக்க எழுதுற எழுத்தர்களோட கை செயலிழக்கிறதைப் பதிவு பண்ணார். 1864-ல லண்டன்ல சாமுவேல் சோலி இதையே 'எழுத்தர் வாதம்'னு விளக்கினார். அதே கை மத்த வேலையைச் செய்யும், பேனா பிடிச்சா மட்டும் முறுக்கிக்கும். அடுத்து தந்தி ஆபரேட்டர்களுக்கும் இதே கதை. 1911-ல பிரிட்டிஷ் தபால் துறைக் குழு சொன்ன காரணத்துல பாதி 'ஓயாத களைப்பு'. மீதிப் பாதி 'ஊழியரோட நரம்பு உறுதியின்மை'. அதாவது, பழியில பாதி நோயாளி தலையில.

6) 1982-லதான் ஷீஹி, மார்ஸ்டன் ரெண்டு பேரும் 'எழுத்தர் பிடிப்பு ஒரு ஃபோக்கல் டிஸ்டோனியா'ன்னு எழுதினாங்க. மூளை தசைக்கு அனுப்புற கட்டளையில வர்ற கோளாறு. மனசு பலவீனம் இல்ல.

7) அப்போ டார்கெட் பேனிக் எல்லாமே டிஸ்டோனியாவா? இல்ல. கோல்ஃப்ல பந்தைக் குழிக்குள்ள தட்டும்போது மணிக்கட்டு வெட்டுறதை 'யிப்ஸ்'னு சொல்வாங்க. 2000-களின் தொடக்கத்துல மேயோ கிளினிக் குழு அதை ஆராய்ஞ்சு சொன்னது: ஒரு முனையில டிஸ்டோனியா, மறுமுனையில போட்டிப் பதற்றம், நடுவுல ரெண்டும் கலந்தவங்க. வில்லாளிகளையும் அப்படிப் பார்க்கிறதுதான் சரின்னு நினைக்கிறேன்.

8) தூரத்துல இருந்து யாருக்கும் நோய் சொல்லக் கூடாது. 2012-ல உலக நம்பர் ஒன்னா லண்டன் ஒலிம்பிக் போன தீபிகா குமாரி முதல் சுற்றுலயே ஏமி ஆலிவர்கிட்ட தோத்தாங்க. ஒரு நாள் தோல்விக்குக் காத்தும் அழுத்தமும் போதும், அது டார்கெட் பேனிக் ஆகாது. தினமும், தனியா பயிற்சி பண்ணும்போதும் கை முந்துதுன்னாதான் இதைச் சந்தேகப்படணும்.

9) சரி, தீர்வு? 70 மீட்டர் தூரத்துல 122 செ.மீ. இலக்கு, அதுல பத்துப் புள்ளி வட்டம் வெறும் 12.2 செ.மீ. 'மஞ்சளைப் பார்த்தா விடு'ன்னு மூளை பழகிடுச்சு. அந்த முடிச்சை அவிழ்க்கணும்.

• முதல்ல இலக்குத் தாளே வேண்டாம். சில அடி தூரத்துல வெறும் வைக்கோல் மெத்தை, கண்ணை மூடிட்டு எய்யணும்.
• அப்புறம் குறி வச்சு, எய்யாமலே வில்லை இறக்கணும். திரும்பத் திரும்ப.
• பக்கத்துல பெரிய இலக்கு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி.
• 'கிளிக்கர்': அம்பு மேல உட்கார்ற சின்ன உலோகத் தகடு. முழுசா இழுத்ததும் 'டிக்'னு சத்தம் வரும். கண்ணு சொல்லி விடாம, காது சொல்லி விடுறது. ஆனா சிலருக்கு நாளாவட்டத்துல இந்தச் சத்தத்துக்கே கை வெட்டும். அதனால இது மந்திரக்கோல் இல்ல.

10) மலைக்கும் வில்லுக்கும் நம்ம ஊர்ல பழைய உறவு. கொல்லிமலை வல்வில் ஓரியோட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு துளைச்சுட்டுப் போனதைப் புறநானூறு 152 சொல்லுது. ஆனா முயலை வீழ்த்தின அம்பை விட யானையைக் குறிவச்சுத் தவறின வேலே மேல்னு சொன்னதும் நம்ம வள்ளுவர்தான். அதை ஏனோ பயிற்சி மைதானத்துல மறந்துடறோம்.

11) ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ குழந்தைகளுக்கு ஊசி போடப் போனா என் கையும் முந்திக்கும். சீனியர் ஒருத்தர் திட்டல. "ஊசியைக் கீழ வை, மூச்சு விடு, மறுபடி எடு"ன்னார். அந்தப் பையன்கிட்ட நானும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன். நோய் பேரையும் செய்ய வேண்டிய பயிற்சியையும் எழுதி, பயிற்சியாளருக்குக் கடிதம் கொடுத்தேன். நரம்பியல் டாக்டரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன்.

12) மூணு மாசம் கழிச்சு அப்பா போன்ல இருந்து பையன் பேசினான். பதக்கம் பத்தி எதுவும் சொல்லல. "சார், இப்ப மஞ்சள்ல குறி வச்சு, எய்யாம வில்லைக் கீழ இறக்க முடியுது."

தேர்வு இன்னும் வரல. ஆனா கை இப்ப அவன் சொன்னதைக் கேக்குது.

உங்க வீட்டுல, பள்ளியில இப்படி ஒரு பிள்ளை இருந்தா, 'பயந்தாங்கொள்ளி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "இலக்கு இல்லைன்னா கை சரியா இருக்கா?"