அங்குஸ்தான்: ஊசிக்கும் விரலுக்கும் நடுவே

அங்குஸ்தான் என்பது கையால் தைப்பவர்கள் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் சிறு உறை. ஊசியின் காதுப்பக்கம் விரலில் ஏறிவிடாமல் தடுக்கும். தடித்த துணிக்குள் ஊசியை அழுத்தித் தள்ளவும் உதவும். பித்தளை, எஃகு, வெள்ளி, தோல், பிளாஸ்டிக், சிலிகோன் என்று பல பொருள்களில் கிடைக்கிறது. உலோக உறையின் மேல் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் நிறைந்திருக்கும். ஊசி வழுக்கிப் போகாமல் அந்தக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். பொதுவாக, தைக்கும் கையின் நடுவிரலில் அணிவார்கள்.

கைத்தையலில் அடிபடும் விரல்கள் இரண்டு. ஊசியைத் தள்ளும் விரல் ஒன்று. துணிக்கு அடியில் ஊசிமுனைக்காகக் காத்திருக்கும் மறுகை விரல் இன்னொன்று. அங்குஸ்தான் காப்பாற்றுவது முதல் விரலை மட்டும்தான். போர்வை தைப்பவர்களுக்கு அதிகம் புண்ணாவதோ இரண்டாவது விரல்.

பெயர்

தமிழ்த் தையற்காரர்கள் சொல்லும் 'அங்குஸ்தான்' பாரசீகத்திலிருந்து வந்தது. அந்த மொழியில் 'அங்குஷ்த்' என்றால் விரல். பெருவிரலைக் குறிக்கும் 'அங்குஷ்ட' என்ற வடசொல்லும், அதன் வழியாகத் தமிழுக்கு வந்த 'அங்குட்டம்' என்ற சொல்லும் இதற்கு உறவு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'திம்பிள்' என்ற சொல்லும் பெருவிரலைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து பிறந்ததுதான். நடுவிரலில் மாட்டும் பொருளுக்கு இரண்டு மொழிகளிலும் பெருவிரலின் வாடை அடிக்கிறது. இலங்கையில் சிங்களவர்கள் இதைத் 'திதாலய' என்கிறார்கள். அது போர்த்துக்கீசியரின் 'தெதால்'. நாம் சட்டையில் மாட்டும் பொத்தானும் அதே கப்பலில் வந்த சொல்.

ஜெர்மானியர்கள் வைத்த பெயர் 'ஃபிங்கர்ஹூட்', அதாவது விரல்தொப்பி. அதே வடிவில் பூக்கும் செடி ஒன்றையும் அவர்கள் அப்படியே அழைத்தார்கள். ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542-இல் அந்தச் செடிக்கு லத்தீனில் 'டிஜிட்டாலிஸ்' என்று பெயர் சூட்டினார். இதய நோயாளிகளின் மாத்திரைச் சீட்டில் இன்றும் காணப்படும் டிகாக்சின் அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து எடுத்த மருந்து. தையற்பெட்டியில் கிடந்த ஒரு பெயர் மருந்துக்கடை வரை போயிருக்கிறது.

உலோகம் வந்த வழி

ஊசி மிகப் பழையது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த எலும்பு ஊசி ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. தோலைத் தைத்த அந்தக் காலத்திலும் விரலுக்கு ஏதோ ஒரு காப்பு தேவைப்பட்டிருக்கும். ஆனால் தோல்துண்டு மண்ணில் மக்கிவிடும்; உலோகம்தான் மிஞ்சும். துருக்கியிலும் பைசாந்திய நிலங்களிலும் கிடைத்த இடைக்கால வெண்கல உறைகள் வெங்காயக் குமிழ் போலக் கூம்பி நிற்கின்றன.

ஐரோப்பாவில் இந்தத் தொழிலின் தலைநகரம் ஜெர்மனியின் நியூரம்பெர்க். பித்தளை உறை செய்வதற்கென்றே அங்கே தனிக் கைவினைஞர் கூட்டம் இருந்தது. 1568-இல் யோஸ்ட் அம்மானின் மரச்செதுக்குப் படங்களும் ஹான்ஸ் சாக்ஸின் செய்யுள்களும் சேர்ந்து தொழில்களைப் பற்றிய ஒரு நூலாக வெளிவந்தன. அதில் அங்குஸ்தான் செய்பவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தக் காலத்து உறைகளில் குழிகளைக் கையால் ஒவ்வொன்றாக அடித்தார்கள். வரிசை கோணிப் போயிருப்பதைப் பார்த்தே பழையது என்று கண்டுகொள்ளலாம். இங்கிலாந்தில் ஜான் லோஃப்டிங் என்ற டச்சுக்காரர் 1693-இல் அங்குஸ்தான் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் லண்டனின் இஸ்லிங்டனில் நடந்த அவருடைய பட்டறை பிறகு தேம்ஸ் கரையிலிருந்த கிரேட் மார்லோவுக்கு மாறியது. அங்கே ஆற்று நீரே சக்கரத்தைச் சுற்றியது.

வெள்ளி அங்குஸ்தான் சீர்வரிசைக்கு அழகு. வேலைக்கு அவ்வளவு உதவாது. வெள்ளி மென்மையான உலோகம். எஃகு ஊசி நாளடைவில் குழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். இதற்கு ஒரு வழி கண்டவர் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துச் சார்லஸ் ஹார்னர். இரண்டு வெள்ளித் தகடுகளுக்கு நடுவே ஓர் எஃகுத் தகட்டை வைத்து 1884-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு 'டோர்கஸ்' என்று பெயரிட்டார்கள். விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்த பெண்ணின் பெயர் அது. தமிழ் விவிலியத்தில் தொற்காள். முதல் உலகப் போரின்போது, 1915-இல், தேய்ந்துபோன வெள்ளி அங்குஸ்தான்களைத் திரட்டி உருக்கிக் காயம்பட்ட வீரர்களுக்கு ஆம்புலன்ஸ் வாங்க பிரிட்டனில் ஒரு நிதியே தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு அத்தனை ஓட்டை வெள்ளி கிடந்திருக்கிறது.

கிழக்கில் வேறு வடிவம்

ஜப்பானியரின் 'யுபினுகி' மோதிரம் போன்றது. நடுவிரலின் முதல் இரண்டு கணுக்களுக்கு நடுவே அதை அணிவார்கள். விரல்நுனி திறந்தே இருக்கும். கனசாவா நகரத்தில் பட்டு நூல் சுற்றிச் செய்யும் யுபினுகிகள் தனிக் கலையாகவே வளர்ந்திருக்கின்றன. நீளமான ஊசியால் ஒரே மூச்சில் பல தையல் ஏற்றும் 'சஷிகோ' வேலைக்கு, உள்ளங்கையில் படியும் தட்டு கொண்ட மோதிரம் உண்டு. ஊசியை விரல் தள்ளாது, உள்ளங்கை தள்ளும். கொரியர்களின் 'கோல்மு' துணியை அடுக்கித் தைத்த சிறு தொப்பி. ஆள்காட்டி விரலில் போடுவது. ஆர்க்டிக் பகுதி இனுவிட் பெண்கள் கடல்நாய்த் தோலில் செய்துகொண்டார்கள். கப்பல் பாய் தைப்பவர்களுக்குத் தோல் பட்டையில் உலோக வட்டு பதித்த உள்ளங்கைக் கவசம். ஒவ்வோர் ஊரிலும் ஊசி எந்த இடத்தில் அழுத்தியதோ அந்த இடத்துக்குக் காப்பு பிறந்திருக்கிறது.

தையற்காரர்கள் விரும்புவது நுனி திறந்த அங்குஸ்தானை. அவர்கள் விரல் முனையால் தள்ளுவதில்லை. விரலை மடக்கி, பக்கவாட்டால் தள்ளுகிறார்கள். நுனி திறந்திருப்பதால் துணியின் இழையைத் தொட்டறிய முடிகிறது, காற்றும் போகிறது. கோட்டு தைக்கப் பழகும் மாணவருக்கு விரலை மடக்கிக் கட்டிவைத்துப் பழக்கும் முறை ஐரோப்பியத் தையற்கூடங்களில் இருந்தது.

அடியில் காத்திருக்கும் விரல்

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை: மேலே ஒட்டுத்துணிகளை இணைத்த துணி, நடுவே பஞ்சுப்படலம், கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவதே குவில்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் இதைச் செய்யும்போது, மேல்கை அங்குஸ்தானால் ஊசியை நெட்டுக்குத்தாக நிறுத்தி அழுத்தும். முனை கீழே எட்டிப் பார்த்தது தெரிந்தாக வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. கீழ்க்கை விரல்நுனிதான் அதைச் சொல்லும். தொட்ட கணத்தில் ஊசியைச் சாய்த்து, அதே விரலால் துணியைக் கீழிருந்து முட்டுக்கொடுக்க, முனை மறுபடி மேலே வரும். இப்படி நாலைந்து தையல் ஊசியில் ஏறியபிறகுதான் நூலை இழுப்பார்கள்.

அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்பது நேர்த்தியான வேலைக்கு அளவுகோல். ஒரு போர்வையில் 100 மீட்டர் நீளத்துக்குத் தையல் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கணக்கு ஏறத்தாழ 39,000 தையல். அத்தனை முறையும் ஊசிமுனை கீழ்விரலைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

பழகியவர்களுக்கு அங்கே தோல் காய்த்துப்போகும். காய்ப்பு ஏறிவிட்டால் வலிக்காது என்று ஆறுதல் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. காய்த்த தோல் சொரசொரப்பாகி மெல்லிய துணியின் இழையைப் பிடித்து இழுக்கும். உலர்ந்து வெடித்தால் அந்த வெடிப்பின் வழியே கிருமி நுழையும். வேலையைச் சில வாரம் நிறுத்தினால் காய்ப்பு உரிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காய்ப்பை வளர்ப்பதைவிட விரலை மூடுவது நல்லது.

மூடுவதில்தான் சிக்கல். தடித்த உறை போட்டால் ஊசி தொடுவது தெரியாது. தெரியாவிட்டால் தையல் ஒரே சீராக விழாது. ஆகவே குவில்ட் தைப்பவர்கள் பலவிதமாக முயன்றிருக்கிறார்கள். விரலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தோல் வில்லை, அடிக்கையில் பிடித்துக்கொள்ளும் சாதாரணக் கரண்டி, ஊசிமுனையை வழுக்கவிட்டு மேலே திருப்பிவிடும் உலோகத் தகடு என்று பல உண்டு. கரண்டி சிரிப்புக்கு இடமாகத் தோன்றலாம். அதன் குமிழ்ந்த முதுகு துணியை மேலே முட்டித் தருவதற்கு விரலைவிடப் பொருத்தமானது. உலோகத்தில் படப்பட ஊசிமுனை சீக்கிரம் மழுங்கும் என்பது மட்டும் அதில் குறை. இரண்டு விரல்களில் மாறி மாறி வாங்கிக்கொள்வதும், ஒரே இடத்தில் தொடர்ந்து படாமல் விரலைச் சற்று நகர்த்திக்கொண்டே இருப்பதும் செலவில்லாத வழிகள்.

துணியே காப்பு

வங்காளத்துக் காந்தாவைப் பார்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கிறது. பல தடவை துவைத்து நைந்த பருத்திப் புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவது காந்தா. தமிழில் 'கந்தை' என்கிறோமே, அதற்கும் இதற்கும் மூலம் ஒரே வடசொல். நைந்த துணியில் இழைகள் தளர்ந்திருக்கும். ஊசி தானாக நுழையும். சட்டம் இல்லாமல் மடியில் போட்டே தைப்பதால் துணியை மடக்கி மேலிருந்தே ஊசியைக் கோத்தெடுக்கலாம். கீழ்விரலுக்கு வேலை குறைவு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் 'கவந்தி' என்ற போர்வையைப் பழைய துணித் துண்டுகளால் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே வருகிறார்கள். மகாராஷ்டிரத்தின் கோதடியும் பழந்துணி வேலைதான். சிக்கனத்துக்காகத் தொடங்கிய பழக்கம் விரலுக்கும் இதமாக அமைந்தது.

நெருக்கமாக நெய்த புதிய படுக்கை விரிப்பையோ பாத்திக் துணியையோ எடுத்துக் கைக்குவில்டிங் தொடங்குபவருக்கு எந்த அங்குஸ்தானும் முழுதாக உதவாது. தளர்ந்த நெசவுள்ள பருத்தித் துணி, ஒரு முறை அலசிக் கஞ்சி போக்கியது, அதற்கேற்ற மெல்லிய பஞ்சுப்படலம் என்று தேர்ந்தால் பாதி வலி குறைந்துவிடும். ஊசியும் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய ஊசிக்கு அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் குத்தும். குவில்டிங்குக்கு 'பிட்வீன்ஸ்' என்னும் குட்டை ஊசிகள் ஏற்றவை. எண் கூடக்கூட ஊசி சிறுத்துக்கொண்டே போகும். ஊசி சிக்கிக்கொண்டால் பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. ஒரு துண்டு பலூன் ரப்பரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

அளவு பார்ப்பது

அங்குஸ்தானை மாட்டிக்கொண்டு கையைத் தொங்கவிட்டு லேசாக உதற வேண்டும். விழக் கூடாது, விரல் சிவந்து துடிக்கவும் கூடாது. விரல் வெயிலில் உப்பும், குளிரில் ஒடுங்கும். அதனால் நம்மைப் போன்ற வெப்ப நாட்டினர் மத்தியானம் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. நகம் வளர்த்தவர்களுக்கு நுனி திறந்ததோ தோலால் ஆனதோ பொருந்தும். குவில்ட் தைப்பவர்களுக்கு உச்சியில் விளிம்பு எழும்பியதும் ஆழமான குழிகள் உள்ளதும் வேண்டும்; ஊசி அவர்களுக்கு நுனியில்தான் நிற்கிறது. நிக்கல் பூசிய உறையால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். அவர்கள் தோலுக்கோ பிளாஸ்டிக்குக்கோ மாறிக்கொள்ளலாம்.

முதல் சில நாள் விரல் அந்நியமாகத் தோன்றும். கழற்றி வைக்கத்தான் கை போகும். இரண்டு வாரம் பொறுத்தால் இல்லாமல் தைப்பதுதான் அந்நியமாகிவிடும்.

குத்திவிட்டால்

விரல்நுனிச் சதை, நார்ச்சுவர்களால் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. உள்ளே சீழ் கட்டினால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி, விண் விண்ணென்று தெறிக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பையும் தொடலாம். நகத்தைச் சுற்றி வந்தால் அதை நகச்சுற்று என்கிறோம். எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலில் செருகிக்கொள்வது நம் வீடுகளின் பழைய வைத்தியம். இரவெல்லாம் தூங்கவிடாமல் வலித்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, எலுமிச்சையோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சாதாரணக் குத்துக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். ஊசி உள்ளே முறிந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் நோண்டக் கூடாது, எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். கூட்டாகத் தைக்கும் இடங்களில் ஒருவர் விரலில் ஏறிய ஊசியை மற்றவர் எடுத்துத் தைக்கக் கூடாது. இரத்தத்தால் பரவும் நோய்கள் உண்டு. துணியில் பட்ட இரத்தக்கறைக்கு உடனே குளிர்ந்த நீர். சுடுநீர் பட்டால் கறை இழையோடு ஒட்டிவிடும்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர்களில் சிலருக்கு விரல்நுனியில் உணர்வு மங்கியிருக்கும். குத்தியது தெரியாது, தெரிந்தாலும் ஆறத் தாமதமாகும். வீட்டில் பாட்டிமார்களோ ஓய்வுபெற்றவர்களோ தையல் தொடங்கினால், அவர்களுக்கு ஊசி நூலோடு இரண்டு உறைகளையும் வாங்கிக் கொடுங்கள்: மேல்கைக்கு ஓர் அங்குஸ்தான், கீழ்க்கைக்கு ஒரு தோலுறை. தோலுறைக்குக் கடைக்குக்கூடப் போக வேண்டாம். பழைய கைப்பையின் மெல்லிய தோலை விரலளவுக்கு வெட்டி இரண்டு ஓரத்தையும் மூட்டினால் போதும்.