ஓட்டலும் விருந்தும்

ஹைதராபாத்தின் வடகிழக்கே குஷாய்குடாவில், 1967-இல் தோன்றிய எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனில் உத்தியோகம் பெற்று வந்து, வாடகை வீட்டில் தொடங்கிச் சொந்த வீடு கட்டி, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களில், பெங்களூரிலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து இறங்கிய மறுநாளே ஒரு வாக்கியம் எழுவது வழக்கம்: "இன்னிக்கு நீ சமைக்க வேண்டாம்மா, எல்லாரும் ஓட்டலுக்குப் போயிடலாம்." இரண்டு தலைமுறைக்கு முன்னர் ஒரு மகன் தாயிடம் இவ்வாறு கூறியிருப்பானாயின், அஃது அவளது கைப்பக்குவத்தின்மேல் சுமத்திய அபவாதமாகவே கொள்ளப்பட்டிருக்கும்; இன்றோ அதுவே அவளுக்குச் செய்யும் உபசாரம். ஏச்சு உபசாரமாகிவிட்ட இந்த விசித்திரத்தை விளங்கிக்கொள்ள, ஓட்டல் என்னும் சொல்லைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்றொரு சொல் உண்டு. வந்த விருந்தாளியையும் அவனை வரவேற்கும் வீட்டுக்காரனையும் அந்த ஒரே சொல் குறித்தது. அதன் வழித்தோன்றலாகிய 'ஹொஸ்பிடாலே' பழைய பிரெஞ்சில் 'ஹொஸ்தெல்' ஆகி, நாளடைவில் ஸகரம் தேய்ந்து, 'ஓத்தெல்' என நின்றது. ஆங்கிலேயர் அதனைப் 18-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டு, தங்குமிடத்திற்குப் பெயராக்கி, ஹகரத்தை அழுத்தி உச்சரித்தனர். நம் நாட்டுப் பாமரரோ அந்த ஹகரத்தைக் கழற்றி எறிந்து 'ஓட்டல்' என்றதன் மூலம், தம்மை அறியாமலே பிரெஞ்சுக்காரரின் உச்சரிப்பை நெருங்கிவிட்டனர். அதே மூலத்தில் பிறந்த இன்னொரு சொல் நம்மிடம் 'ஆஸ்பத்திரி' என வழங்குகிறது. ஓட்டலுக்கு அடிக்கடி போகிறவன் ஆஸ்பத்திரிக்கும் போக நேரிடும் என்று சொல்லும் பெரியவர்கள், இந்த உறவுமுறையை அறிந்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்கள்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது நம் 'விருந்து'. அதன் ஆதிப் பொருள் புதுமை; தொல்காப்பியர் புதிதாக இயற்றப்படும் செய்யுள் வகை ஒன்றிற்கே அப்பெயரை இட்டிருக்கிறார். புதுமையைக் குறித்த சொல் புதிதாய் வந்தவனைக் குறித்து, பின்னர் அவனுக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. தெலுங்கில் அதுவே 'விந்து' எனச் சுருங்கியது. புதிதாகக் குடிவந்த தமிழர், தெலுங்கர் வீட்டில் "விந்துக்கு வாருங்கள்" என்று அழைக்கப்பட்டுத் திகைத்து நிற்பதற்குக் காரணம் இந்தச் சுருக்கமேயன்றி, அழைத்தவரது உள்நோக்கம் அன்று. ஆக, ஆளைக் குறித்த சொல் ஐரோப்பாவில் கட்டடத்தின்மேல் போய் அமர்ந்தது. நம்மிடத்தில் இலையின்மேல் வந்து அமர்ந்தது.

கட்டடத்திற்கு நாம் சொல் தேடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து அட்டிலும், பிற்காலத்தில் தஞ்சை மராட்டியர் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரமும் சோற்றை விலைக்கு விற்ற இடங்கள் அல்ல. அப்பம் விற்ற கூவியரைச் சங்க நூல்கள் இயல்பாகவே பேசுகின்றன. ஆயினும் அன்ன விக்கிரயம் பாபம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 'சோற்றுக்கடை' என்ற சொல்லில் இன்றும் சிறிது இளப்பம் ஒலிக்கிறது.

தெலுங்கு நாட்டார் இவ்விஷயத்தில் நம்மினும் வெளிப்படையானவர்கள். 'பூட்டகூள்ள இல்லு' என்பது அவர்கள் இட்ட பெயர். 'பூட்ட' என்பது ஒரு வேளை. 'கூடு' என்பது சோறு. ஹைதராபாத்திலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய ஓருகல்லு என்னும் வரங்கலில், அத்தகைய வீடொன்றில் ஒரே ஒரு ரூகைக் காசுக்கு, கப்புரபோகி அரிசிச் சோறும், கோதுமைப் பணியாரமும், கைப்பிடிச் சர்க்கரையும், புதிதாய்க் காய்ச்சிய நெய்யும், பயற்றம்பருப்பும், வாழைப்பழமும், நாலைந்து தொடுகறிகளும், கட்டித் தயிரும் கிடைத்ததாக, வினுகொண்ட வல்லபராயர் பெயரால் வழங்கும் 'கிரீடாபிராமம்' என்ற பழைய காவியம் நாவூற உரைக்கிறது. அது ஸ்ரீநாதருடையதே என்று வாதிடுவோரும் உளர். 1897-இல் அச்சேறிய குரஜாடா அப்பாராவின் 'கன்யாசுல்கம்' நாடகத்திலோ, பூட்டகூள்ளம்மா ஒரு முக்கிய பாத்திரம்; சோறாக்கிப் போட்டுப் பிழைக்கும் விதவை. அந்தக் 'கூடு' நம்முடைய 'கூழ்' தான். வள்ளுவர் அரசனது ஆறு உடைமைகளுள் ஒன்றாக வைத்த கூழ், தமிழில் ஆடி மாதத்து அம்மன் கோயில் அண்டாவுக்குள் ஒடுங்கிவிட, தெலுங்கில் அது சோறாகவே நீடித்தது.

அன்ன விக்கிரயம் என்ற தயக்கத்தைக் கடக்க நமக்கு உதவியது ஓட்டல் என்ற அந்நியச் சொல்லே. அதைச் சொல்லும்போது விற்பனை என்ற கூச்சம் எழுவதில்லை. கிளப், விலாஸ், பவன் என்று எத்தனையோ சொற்கள் போட்டியிட்டும் அதுவே நிலைத்தது. அச்சொல் தன்னளவில் சாதி சொல்லாதது. அதன் முன்னே ஒட்டிய அடைமொழிதான் சொல்லிற்று. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கப் பெரியார் நடத்திய கிளர்ச்சி, அடைமொழியை எதிர்த்த கிளர்ச்சியேயன்றி வேறன்று.

பிள்ளைகள் அழைக்கும் ஓட்டலுக்குத் திரும்புவோம். ஹைதராபாத்து உர்தூவில் 'ஹோட்டல்' என்றால் பல சமயம் ஈரானிச் சாயாக்கடையே. இப்போது பிள்ளைகள் பெற்றோரை அழைத்துச் செல்வதோ, அந்த எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய ஏ. எஸ். ராவ் பெயரால் அமைந்த நகரின் பிரியாணிக் கடைகளுக்கு. 'பிரியான்' என்ற பாரசீகச் சொல்லுக்கு வறுத்தது, பொரித்தது என்று பொருள். ஆனால் இந்நகரத்தார் கொண்டாடும் கச்சி பிரியாணியிலோ, பச்சை இறைச்சியைத் தயிரிலும் மசாலையிலும் ஊறவைத்து, அரைவேக்காட்டு அரிசியை அதன்மேல் பரப்பி, மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்துத் தம் போடுகிறார்கள். இறைச்சியை எவரும் வறுப்பதில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பொருளைக் கைவிடுவது சொற்களுக்குப் பழக்கமான காரியம்தான். அந்தக் கடைகளின் விலைப்பட்டியலில் 'சிங்கிள்', 'ஃபுல்' என்பவற்றின் கீழே 'ஃபேமிலி பேக்' என்று ஓர் அளவும் காணப்படுகிறது. எத்தனை பேர் கொண்டது ஒரு குடும்பம் என்பதைக் கல்லாவில் அமர்ந்திருப்பவரே நிர்ணயிக்கிறார். கடைக்குக் கடை அது மாறும்.