தௌலதாபாத் வாசலில் ஒரு குளம்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டு அமைப்பாளர்கள் பேசியபோது, ஒரு கோட்டையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. கோட்டை, கொத்தளம், ராஜா, படையெடுப்பு எல்லாம் நமக்கு எதற்கு என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் தவறில்லை. ராஜாக்களின் புகழ் பாட இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சம் கிடையாது. நான் பேச வந்தது அந்தக் கோட்டையின் வாசலுக்கு வெளியே இருந்த ஒரு சிறிய குளத்தைப் பற்றி. 1934ஆம் ஆண்டு, சுமார் முப்பது பேர் கொண்ட குழு ஒன்று அங்கே வந்து இறங்கியது. பயணப் புழுதி போக அவர்களில் சிலர் அந்தக் குளத்துத் தண்ணீரில் முகம் கழுவினார்கள். அந்தக் குழுவில் பாபாசாகேப் அம்பேத்கர் இருந்தார்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத்திலிருந்து (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர்) எல்லோரா குகைகளுக்குப் போகும் சாலையில், ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் தௌலதாபாத் வருகிறது. சமவெளியில் தனியாக நிற்கும் ஒரு கூம்பு மலை, சுமார் 200 மீட்டர் உயரம். தூரத்தில் பார்க்கும்போதே ஏதோ வித்தியாசமாக இருக்கும். கிட்டப் போனால்தான் காரணம் விளங்கும். மலையின் அடிப்பகுதியைச் சுற்றிலும் செங்குத்தாகச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். பல்லிகூட ஏறுவதற்கு யோசிக்கும். அதன் கீழே பாறையைக் குடைந்து வெட்டிய அகழி. அகழியைக் கடந்தால் ‘அந்தேரி’ என்கிற இருட்டுப் பாதை, மலையின் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. பகைவன் அதில் நுழைந்துவிட்டால் மேல்வாயை அடைத்து நெருப்பு மூட்டிப் புகையால் திணறடிக்கலாம் என்பது ஏற்பாடு. நான் போனபோது அங்கே வௌவால்களின் ஆட்சி. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. கீழே, வாசலுக்குப் பின் வாசலாக வரிசை, கதவுகளில் யானை முட்டித் திறக்காதபடி இரும்பு முட்கள்.

யாதவ அரசன் ஐந்தாம் பில்லமன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைத் தன் தலைநகராக்கியபோது இதன் பெயர் தேவகிரி. 1296இல் அலாவுதீன் கில்ஜி வந்து முற்றுகையிட்டான். அப்போது அவன் சுல்தான்கூட இல்லை. கோட்டைக்குள் தானியம் என்று நினைத்து ஏற்றி வைத்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் உப்பு இருந்ததாம், ராமச்சந்திர அரசன் பணிந்துவிட்டானாம். வரலாற்றாசிரியர் பெரிஷ்டா இப்படி எழுதி வைத்திருக்கிறார். 1327இல் முகமது பின் துக்ளக் தில்லியிலிருந்த தலைநகரையே இங்கே கொண்டுவந்தான். நம்மூரில் ‘துக்ளக் தர்பார்’ என்று கேலி பேசுகிறோமே, அந்தத் துக்ளக்தான். தேவகிரி தௌலதாபாத் ஆனது. பிறகு பாமினி சுல்தான்கள், அகமதுநகரின் நிஜாம் ஷாகிகள், 1633இல் ஷாஜகானின் முகலாயப் படை, கடைசியில் ஐதராபாத் நிஜாம். உள்ளே ஒரு ஜும்மா மசூதி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயில் தூண்களைக் கொண்டு கட்டியது. 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்ததும் அதற்குள் பாரத மாதா சிலையை வைத்துவிட்டார்கள். கோயில் மசூதியாகி, மசூதி கோயிலாகிவிட்டது. கொடியும் கடவுளும் ஊர்ப் பெயரும் கைமாறிக்கொண்டே வந்த இடம் இது. கைமாறாத ஒன்றைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இந்தப் பாறையைச் செதுக்கியவர்கள் யார்? பில்லமன் கட்டினான், துக்ளக் கட்டினான் என்கிறோம். உளி பிடித்தவன் பெயர் கல்லில் இல்லை. ஆனால் அந்தக் காலத்துச் சுவர் வேலை எப்படி நடந்தது என்பதற்கு நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது. பக்திக் கவிஞர் சோகாமேளா மகர் சாதியில் பிறந்தவர். பண்டரிபுரம் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்று பாடியவர். மங்கள்வேடாவில் ஊர்ச் சுவர் எழுப்ப மகர்களைப் பிடித்துக்கொண்டு போய் வேலை வாங்கியபோது, சுவர் சரிந்து அவர் மீது விழுந்து இறந்தார் என்பது வார்க்கரி மரபு சொல்லும் செய்தி. 1338 என்று ஆண்டும் சொல்கிறார்கள். தௌலதாபாத் பேரரசின் தலைநகராகிப் பதினோரு ஆண்டுகள் கழிந்திருந்த நேரம் அது.

தேவகிரியில் இன்னொரு கட்டுமானமும் நடந்தது. யாதவ அரசர்கள் மகாதேவனிடமும் ராமச்சந்திரனிடமும் அமைச்சராக இருந்த ஹேமாத்ரி, ‘சதுர்வர்க்க சிந்தாமணி’ என்ற பெரும் தர்மசாத்திரத் தொகுப்பை உருவாக்கினார். எந்த விரதம் எப்படி, எந்தத் தானம் யாருக்கு என்று பக்கம் பக்கமாக விதிகள். வெட்டிய அகழி தூர்ந்துபோகும். சாத்திரத் தொகுப்பைப் பிரதி எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

இனி 1934க்கு வருகிறேன். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற சிறு நூலில் அம்பேத்கரே இதை எழுதியிருக்கிறார். அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகாமல் கிடந்து 1990இல் வெளியான நூல். மாணவர்கள் ஒரே மாலையில் படித்துவிடலாம், அவசியம் படிக்க வேண்டும்.

இயக்கத் தோழர்கள் ஒரு சுற்றுலா போகலாம் என்று ஆசைப்பட்டார்கள். எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்ப்பது முக்கிய நோக்கம். நாசிக்கில் கூடி, பேருந்துகளும் கார்களும் அமர்த்திக்கொண்டு, இயோலா வழியாகப் புறப்பட்டார்கள். பயணத் திட்டத்தை வெளியே சொல்லவில்லை. தீண்டப்படாதவர் என்று தெரிந்தால் வழியில் என்னென்ன தொல்லை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தங்கப்போகிற ஊர்களில் மட்டும் நம்மவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் வாங்கியவர், பாரிஸ்டர், வட்டமேசை மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமருக்கு எதிரே உட்கார்ந்து வாதிட்டுவிட்டு வந்தவர், சொந்த மண்ணில் தன்னை மறைத்துக்கொண்டு சுற்றுலா போனார்.

தௌலதாபாத் நுழைவில் நம்மவர்கள் கூடி நின்று காத்திருந்தார்கள். இறங்கித் தேநீர் குடித்துவிட்டுக் கோட்டைக்குப் போகலாம் என்று அழைத்தார்கள். எல்லோருக்கும் தேநீர் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டுவதற்குள் கோட்டையைப் பார்க்க வேண்டுமே. திரும்பும்போது குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டார்கள்.

அது ரமலான் மாதம். கோட்டை வாசலுக்கு வெளியே கரை நிரம்பிய குளம், சுற்றிலும் கல் பாவிய தளம். புழுதி படிந்த முகத்தோடு இறங்கியவர்களில் சிலர் யோசிக்காமல் முகமும் காலும் கழுவினார்கள். பிறகு வாசலுக்குள் போய், அனுமதி பெறும் முறை என்னவென்று காவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வெள்ளைத் தாடி முஸ்லிம் பெரியவர் ஒருவர் கத்திக்கொண்டே வந்தார். மகர்களை இழித்துச் சொல்லும் சாதிச் சொல்லைச் சொல்லி, குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. இவர்களுக்குத் திமிர் ஏறிவிட்டது, பாடம் கற்பிக்க வேண்டும் என்று வசை. நாங்கள் வெளியூர், இங்குள்ள வழக்கம் தெரியாது என்று இவர்கள் சொன்னார்கள். உடனே கோபம் உள்ளூர்த் தலித்துகள் மீது திரும்பியது. அவர்கள் அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஏன் நீங்கள் இவர்களுக்குச் சொல்லவில்லை என்று அவர்களுக்கு ஏச்சு.

கலவரமே வந்திருக்கலாம், கொலைகூட நடந்திருக்கலாம் என்று எழுதுகிறார் அம்பேத்கர். அடக்கிக்கொண்டார்கள். ஒரு முஸ்லிம் இளைஞர் மட்டும் திரும்பத் திரும்ப, அவரவர் அவரவர் மதப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாபாசாகேபுக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் மதம் இதைத்தான் சொல்கிறதா, ஒரு தீண்டப்படாதவர் முஸ்லிமாக மாறிவிட்டால் அப்போதும் இந்தத் தண்ணீரைத் தொடவிடாமல் தடுப்பீர்களா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய் மேலதிகாரியிடம் கேட்டு வந்து உள்ளே விட்டார்கள். நிபந்தனை ஒன்று: கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது. அதைக் கண்காணிக்க ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவர் கூடவே போனார்.

அந்தக் கோட்டைக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். சரஸ்வதி பாவடி என்று ஒரு படிக்கிணறு, யானைக் குளம் என்று பொருள்படும் ‘ஹாத்தி ஹவுஸ்’ என்று மிகப் பெரிய நீர்த்தேக்கம், அகழி. எல்லாம் தாண்டித் துப்பாக்கிக்காரனை நிழலாக வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

நான் முன்னே சொன்ன கைமாறாத ஒன்று இதுதான். இதில் எனக்கு உறுத்துகிற ஒரு பெயர் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, கைமாறி கைமாறித் தக்காணத்துக்கு வந்தவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிஜாம் ஷாகி அரசின் உண்மையான ஆட்சியாளராக இருந்து, இந்தக் கோட்டையை வைத்துக்கொண்டு முகலாயர்களை விரட்டியவர். அவுரங்காபாத் நகருக்கு அடித்தளம் போட்டவரும், நிலத்தடிக் கால்வாய் வெட்டி அதற்குத் தண்ணீர் கொண்டுவந்தவரும் அவரே. விலைக்கு வாங்கப்பட்ட ஒருவர் இந்தக் கோட்டைக்கு அதிபதி ஆக முடிந்தது. முந்நூறு ஆண்டு கழித்தும் ஒரு மகர் அதன் வாசலில் முகம் கழுவ முடியவில்லை. அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு, தீண்டாமையே கொடியது என்று அம்பேத்கர் எழுதியதற்கு இந்த ஒரு மலையே போதுமான சாட்சி.

இந்தச் சம்பவத்தை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா முஸ்லிம்களும் இப்படித்தான் என்று இன்று வாட்ஸப்பில் சுற்ற விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த நூலின் மற்றப் பக்கங்களைத் திறப்பதில்லை. 1901இல், ஒன்பது வயதுப் பையனாக, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி மாட்டு வண்டியில் அப்பாவைப் பார்க்கப் போகிறார். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. முஸ்லிம் என்று சொல்லிக் கேள் என்று வண்டிக்காரர் சொல்லிக்கொடுக்க, சுங்கச் சாவடியில் இருந்த இந்துவிடம் போய் உருதுவில் கேட்கிறார். கிடைக்கவில்லை. 1917இல் பரோடாவில், கம்போடு வந்து விடுதியை விட்டு விரட்டியவர்கள் பார்சிகள். அப்போது அடைக்கலம் தராமல் நழுவிய இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் அதே பக்கங்களில் இருக்கிறார்கள். அதே சமயம், தலித்–முஸ்லிம் ஒற்றுமைக்கு இடைஞ்சல் என்று நாம் தௌலதாபாத் பக்கத்தை ஒட்டி மடித்து வைப்பதும் நேர்மையில்லை. அந்த ஒற்றுமை வேண்டும் என்பவன் நான். ஆனால் அவர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் அதைக் கட்ட முடியும். அடுத்த ஆண்டு, 1935 அக்டோபர் 13 அன்று, அந்தச் சுற்றுலா கடந்து போன அதே இயோலாவில்தான், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தார்.

சட்டத்தின் நிலை என்ன? பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்கச் சொல்லி 1923இலேயே பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதை நம்பி 1927 மார்ச் 20 அன்று மகாடு சவதார் குளத்தில் இறங்கினோம். அந்த வழக்கு 1937 மார்ச் 17 அன்றுதான் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. 1934இல் தௌலதாபாத் நிஜாம் சீமை. பம்பாய்த் தீர்மானத்துக்கு அங்கே மதிப்பில்லை. சட்டம் வந்த பிறகு மட்டும் என்ன என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தியைக் கேட்ட நம்மிடம் அதற்குப் பதில் இருக்கிறது.

நான் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் அம்பேத்கரைவிட அந்த உள்ளூர்க்காரர்களிடம்தான் மனம் நிற்கிறது. விசாரிக்காமல் குளத்தைத் தொட்டது எங்கள் தவறு என்று அவர் எழுதுகிறார். எழுதும்போது அவர் மனதில் இருந்ததும் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். குழுவினருக்கு அந்த வசை ஒரு மாலை நேரம். வண்டி ஏறிப் போய்விடுவார்கள். மறுநாள் காலையும் அந்தக் குளத்தங்கரை வழியாகவே நடக்க வேண்டியவர்கள் அவர்கள். வெளியூரிலிருந்து ஒரு கிராமத்துக்குப் போய் ஆவேசமாகப் பேசிவிட்டு இரவுப் பேருந்தைப் பிடிக்கிற நாம், இந்தப் பக்கத்தை நம்மைப் பார்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திரும்பி வந்து அந்தத் தேநீரைக் குடித்தார்களா என்று நூலில் இல்லை. சிப்பாய் கூட வந்ததோடு அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது.

ஆனால் பாபாசாகேப் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தார். மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் அவுரங்காபாத்தில் கல்லூரி தொடங்கினார், அதற்கு மிலிந்த் என்று பௌத்தப் பெயர் வைத்தார். அந்த நகரின் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைக்க 1978 ஜூலையில் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியபோது, கிராமம் கிராமமாக நம் குடிசைகளை எரித்தார்கள், போச்சிராம் காம்ப்ளே உள்ளிட்டவர்களைக் கொன்றார்கள். பெயர் ஏற 1994 ஜனவரி 14 வரை ஆனது. தெருவில் நின்று அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் மிலிந்த் கல்லூரியில் படித்த பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்தக் கல்லூரி தொடங்கியது 1950இல். தௌலதாபாத் நுழைவில் தேநீரோடு காத்திருந்தவர்களின் கைக்குழந்தைகளுக்கு அப்போது கல்லூரி போகும் வயது.